தோளுக்குப் பின்னால் ஒரு புடைப்பு

தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துவிடும்போதுதான் என் அக்காவின் விரல் அதில் தட்டியது. பையனுக்கு ஒன்பது வயது. வலது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பை ஒட்டி, பாதி நெல்லிக்காயைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு புடைப்பு. அழுத்தினால் கல். “எப்பலேருந்துடா இது இருக்கு?” என்று கேட்டாள். “எது?” என்றான். பொய் சொல்லவில்லை. தன் முதுகைத் தானே பார்க்க யாராலும் முடியாது. தானாகக் குளிக்கப் பழகிவிட்ட பிள்ளையின் முதுகை வீட்டில் வேறு யாரும் பார்ப்பதுமில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் வருகிற இந்த எண்ணெய்க் குளியல் மட்டும் இல்லாவிட்டால், அது இன்னும் எத்தனை மாதம் சட்டைக்குள் இருந்திருக்குமோ.

அன்று வீட்டில் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். அக்காவின் மாமியார் வேனல் கட்டி என்றார். வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் சுளுக்கு என்றார். வழித்துவிட நல்ல ஆள் தெரியும் என்றும் சொன்னார். அத்தான் ஒன்றும் பேசாமல் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். இறங்கி வந்தபோது, எந்தப் பெயரைப் படித்துவிட்டு வருகிறார் என்பது முகத்தில் எழுதியிருந்தது.

இரண்டு நாள் கழித்துக் குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவரிடம் போனோம். சட்டையைக் கழற்றச் சொல்வார் என்று பையன் பொத்தானில் கை வைத்தான். “அது அப்புறம். முதல்ல செருப்பைக் கழட்டு தம்பி” என்றார் அவர். இரண்டு கால் கட்டைவிரல்களையும் பிடித்து மடக்கி நிமிர்த்திப் பார்த்தார். பிறகு முழங்கால்களைச் சுற்றித் தடவினார், மணிக்கட்டுகளைத் தடவினார். வயிற்றிலும் அக்குளிலும் தோலை உற்றுப் பார்த்தார். குனியச் சொன்னார். முதுகுப் புடைப்பில் அவர் விரல் வைத்தபோது ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

முதுகில் கட்டி என்று போனால் கால் கட்டைவிரலை ஏன் பார்க்க வேண்டும்? வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எலும்பைப் பற்றி. தோள்பட்டை எலும்பு ஒரு முக்கோணத் தகடு. நடுவில் அது எவ்வளவு மெல்லியது என்றால், உலர்ந்த எலும்பை விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் தெரியும். முதுகில் இரண்டாவது விலாவிலிருந்து ஏழாவது விலாவரை படிந்து கிடக்கிறது. ஆனால் அந்த விலாக்களோடு அதற்கு மூட்டு எதுவும் கிடையாது. முன்பக்கத்துக் காறை எலும்பு வழியாக மட்டுமே உடற்கூட்டோடு எலும்புத் தொடர்பு. மற்றபடி, நங்கூரம் இல்லாத படகை நாலா பக்கமும் கயிறு கட்டி நிறுத்தியதுபோல, 17 தசைகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. கையைத் தலைக்கு மேல் முழுவதும் தூக்கும்போது கிடைக்கும் 180 டிகிரியில் ஏறக்குறைய 60 டிகிரி, இந்தத் தகடு விலாவின்மேல் வழுக்கிச் சுழல்வதால் வருவது.

பிறப்பதற்கு முன்பே அது ஒரு பயணத்தையும் முடித்திருக்கிறது. கருவின் ஐந்தாவது வாரத்தில் அது உருவாகும் இடம் முதுகு அல்ல, கழுத்து. மூன்றாம் மாதம் முடிவதற்குள் மெல்ல இறங்கி முதுகுக்கு வந்துசேர வேண்டும். சில குழந்தைகளிடம் இந்த இறக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. ஒரு தோள் மேலேறி, கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் எலும்பின் மேல் மூலை ஒரு கட்டிபோலத் துருத்தும். கையை முழுதாகத் தூக்க முடியாது. இதை விவரித்த ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஓட்டோ ஸ்பிரெங்கலின் பெயரில் 1891 முதல் இது ஸ்பிரெங்கல் குறைபாடு எனப்படுகிறது. பார்ப்பவர்களுக்குக் கட்டி, உண்மையில் ஊர் வந்து சேராத எலும்பு.

இப்படி, கட்டியே இல்லாத கட்டிகள் இந்த இடத்தில் நிறைய. ஒல்லியான பிள்ளை கையைப் பின்னால் கட்டினால் எலும்பின் கீழ்முனை கூராக எழும்பும். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஏழாவது முள்ளெலும்பு முண்டுபோலத் தெரியும். இவை எல்லோருக்கும் உண்டு. வீட்டில் செய்யக்கூடிய ஒரே பயனுள்ள சோதனை, அதே விரலை எதிர்ப்பக்கத் தோளிலும் வைத்துப் பார்ப்பது. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் பெரும்பாலும் அது பிள்ளையின் உடம்புதான்.

ஒரு பக்கம் மட்டும் என்றால்? பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று நாலு அடுக்கு. மருத்துவரின் விரல் செய்வது இதை இடம் பிரிக்கிற வேலை.

தோலைக் கிள்ளித் தூக்கும்போது கூடவே எழுந்து வந்தால் அது தோலைச் சேர்ந்தது. பிள்ளைகளிடம் இப்படிக் கூழாங்கல்லாய் ஒட்டியிருப்பவற்றில் பைலோமேட்ரிகோமா என்று ஒன்று உண்டு. முடியை உருவாக்கும் உயிரணுக்களிலிருந்து பிறந்து, உள்ளே சுண்ணாம்பு படிந்து கெட்டியாகும் கட்டி அது. 1880ல் பிரான்சில் முதலில் விவரிக்கப்பட்டது. கல் மாதிரி இருப்பதால் பெற்றோர் நடுங்குவார்கள், தீங்கில்லாதது. கட்டி கெட்டியாக இருப்பதே கெட்ட அறிகுறி என்று நம் எல்லோருக்கும் ஒரு நினைப்பு இருக்கிறது. முதலில் கைவிட வேண்டியது அதைத்தான்.

தோல் மேலே தனியாக நகர, விரலுக்கு அடியில் கட்டி வழுக்கிக்கொண்டு போனால் கொழுப்பு அடுக்கு. மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளிடம் வேகமாக வளரும் ஒரு கொழுப்புக் கட்டி உண்டு, லிப்போபிளாஸ்டோமா. கருவில் இருக்க வேண்டிய இளம் கொழுப்பு உயிரணுக்கள் வெளியுலகத்துக்கு வந்த பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கும். வேகம் பயமுறுத்தும், ஆனால் இதுவும் புற்று அல்ல. இந்த இடத்துக் கொழுப்பைப் பற்றி ஒரு இடைச்செருகல்: பிறந்த குழந்தையின் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் பழுப்புக் கொழுப்பு படிந்திருக்கும். குளிரில் நடுங்கத் தெரியாத சிசு அதை எரித்துத்தான் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கிறது. 1551லேயே சுவிட்சர்லாந்தின் கோன்ராட் கெஸ்னர், குளிர்காலம் முழுக்கத் தூங்கும் மலை அணிலின் முதுகில் இதைப் பார்த்து, கொழுப்பும் இல்லை தசையும் இல்லை என்று குழம்பினார்.

அழுத்தினால் வற்றி, விட்டால் நிரம்பும் மெத்தென்ற வீக்கம் இன்னொரு வகை. இருட்டறையில் டார்ச் அடித்தால் உள்ளே ஒளி பரவிச் சிவந்து தெரிந்தால், அது பெரும்பாலும் நிணநீர் தேங்கிய பை. பிறவியிலேயே இருந்து, சளி காய்ச்சல் வரும்போது திடீரென்று பெருத்து வீட்டாரைக் கலங்கடிக்கும்.

தசையில் இருக்கிறதா என்று அறிய ஒரு எளிய தந்திரம் உண்டு. பிள்ளை தளர்வாக இருக்கும்போது கட்டியை அசைத்துப் பார்ப்பது. பிறகு கையால் எதையாவது அழுத்தித் தள்ளச் சொல்லித் தசை இறுகும்போது அசைத்துப் பார்ப்பது. முன்பு அசைந்தது இப்போது அசையவில்லை என்றால் அது தசையோடு சேர்ந்தது. சுவரைத் தள்ளச் சொல்லும்போதே இன்னொன்றும் தெரியவரும். தோள்பட்டை எலும்பை விலாவோடு அணைத்துப் பிடிக்கும் தசைக்குப் போகும் நரம்பு பழுதாகியிருந்தால், எலும்பு கோழி இறக்கை மாதிரி பின்னால் விரியும். அதையும் கட்டி என்று அழைத்து வருபவர்கள் இருக்கிறார்கள்.

எதற்கும் அசையாமல், கையைத் தூக்கும்போது எலும்போடு கூடவே பயணம் செய்தால், அது எலும்பு. என் அக்கா மகனுடையது இந்த வகை.

பிள்ளைகளின் தோள்பட்டை எலும்பில் வரும் தீங்கற்ற கட்டிகளில் முதலிடம் ஆஸ்டியோகாண்டிரோமாவுக்கு. எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த முளை. எலும்பு எங்கு வளர்கிறதோ அந்த ஓரத்தில் குருத்தெலும்பாலான வளர்தட்டு இருக்கும். அது புதிதாகக் குருத்தெலும்பை உண்டாக்க, பின்னாலேயே அது எலும்பாகிக்கொண்டு வரும். அந்தத் தட்டின் சிறு துண்டு ஒன்று திசை தவறி, பக்கவாட்டில் வளரத் தொடங்கினால் மரத்தின் அடியில் கிளைத்த சிம்புபோல ஒரு முளை எழும்பும். தலையில் குருத்தெலும்புத் தொப்பி, அடியில் தாய் எலும்போடு இடைவெளி இல்லாத தொடர்ச்சி. எக்ஸ்ரேயில் அந்தத் தொடர்ச்சி தெரிந்தால் அநேகமாக விஷயம் முடிந்தது. பிள்ளை வளரும்வரை அதுவும் வளரும். வளர்தட்டுகள் மூடும் வயதில் அதுவும் நின்றுவிடும். இது ஒன்றே ஒன்றாக இருந்தால் வாழ்நாளில் புற்றாக மாறும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்று, அதுவும் பெரும்பாலும் வளர்ந்த பிறகு. பெரியவர்களாகிய பின் தொப்பி 2 செ.மீ.க்கு மேல் தடித்தாலோ, வளர்ச்சி நின்ற வயதுக்குப் பிறகு முளை பெருத்தாலோ சந்தேகப்பட வேண்டும்.

முழங்காலையும் மணிக்கட்டையும் மருத்துவர் தடவியது இதனால்தான். சில குடும்பங்களில் இந்த முளைகள் உடம்பெங்கும் வரும்; முழங்காலைச் சுற்றி முதலில் கையில் தட்டுப்படும். இஎக்ஸ்டி1, இஎக்ஸ்டி2 என்ற இரண்டு மரபணுக்களில் ஒன்றில் ஏற்படும் பிழை காரணம். ஐம்பதாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கலாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே முதுகில் ஒரு முளையைப் பார்த்தால் அப்பாவின் முழங்காலையும் தடவிப் பார்ப்பது முறை. அத்தானும் அன்று வேட்டியைத் தூக்கிக் காட்ட வேண்டியிருந்தது.

முளை எலும்பின் அடிப்பக்கத்தில், விலாவைப் பார்த்தபடி வளர்ந்தால் கதை வேறு. வெளியே கட்டி தெரியாது. எலும்பு முழுவதும் தள்ளப்பட்டுத் துருத்தும். கையை அசைத்தால் உள்ளே யாரோ முறுக்கு கடிக்கிற சத்தம் வரும். நேராக எடுத்த எக்ஸ்ரேயில் விலாக்களின் நிழல் அதை மறைத்துவிடும். அதனால் பக்கவாட்டில் சாய்த்து, எலும்பு ஆங்கில ‘ஒய்’ எழுத்துப்போலத் தெரியும் கோணத்தில் இன்னொரு படம் எடுப்பார்கள். ‘எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள்’ என்று வருபவர்களிடம் எந்தக் கோணத்தில் எடுத்தது என்று கேட்பது நியாயமான கேள்வி.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதே எலும்பின் கீழ்முனைக்கு அடியில் பாட்டிகளுக்கு நார்க்கட்டி ஒன்று வருவதுண்டு. ஃபின்லாந்தில் 55 வயதைத் தாண்டி இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்தபோது பெண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு அது இருந்தது; பலருக்கு உயிரோடு இருந்தவரை தெரியவே இல்லை. பேரனுக்கு அதே இடத்தில் கட்டி வந்தால் அது அதுவாக இருக்காது. பாட்டிக்குப் போட்ட பத்து பேரனுக்கு உதவும் என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்கு இது போதும்.

குனியச் சொன்னதற்கும் ஒரு கதை இருக்கிறது. டைனோசர் ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவர் இங்கிலாந்தின் கிடியன் மேன்டல். இகுவானோடான் என்று பெயர் வைத்தவர், தொழிலால் மருத்துவர். 1841ல் குதிரை வண்டி விபத்தில் சிக்கினார். பிறகு முதுகெலும்பின் ஓரம் ஒரு வீக்கம் எழுந்தது. சீழ்க்கட்டி, புற்றுக் கட்டி என்று அக்காலப் பெரிய மருத்துவர்கள் பலரும் ஊகித்தார்கள். வலி தாங்காமல் அபின் மருந்துகளில் காலம் தள்ளி 1852ல் இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது அங்கே கட்டி எதுவும் இல்லை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, தன் அச்சில் முறுக்கிக்கொண்டு, அதன் பக்க முனைகள்தான் வெளியே தள்ளி வீக்கமாகத் தெரிந்திருக்கின்றன. அந்த முதுகெலும்பை ஆராய்ந்து எழுதியவர் வில்லியம் ஆடம்ஸ். வளைவோடு முறுக்கும் உண்டு என்று அவர் வலியுறுத்தியதிலிருந்து வந்ததுதான், உலகம் முழுதும் இன்றும் செய்யப்படும் ஆடம்ஸ் குனிவுச் சோதனை.

பத்து வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளிடம் இது முக்கியம். முதுகெலும்பு முறுக்கும்போது விலாக்களும் கூடவே சுழன்று, பெரும்பாலும் வலது தோள்பட்டை எலும்பைப் பின்னால் தள்ளும். நிமிர்ந்து நிற்கையில் லேசாகத் தெரிவது, கால்களைச் சேர்த்துக் கைகளைத் தொங்கவிட்டு இடுப்பிலிருந்து குனிந்தால் ஒரு பக்கம் மேடாக எழும். வளரும் வயதினரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்த வளைவு இருக்கிறது. பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாத அளவில். பள்ளிப் பையின் கனத்தால் வருகிறது என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்வது. பை தோள்வலி தரும். ஆனால் இந்த வளைவை அது உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தையற்காரர்தான் சில வீடுகளில் இதை முதலில் கண்டுபிடிப்பார்: “ஒரு பக்கம் தூக்கிக்கிட்டே இருக்கும்மா, அளவு நிக்க மாட்டேங்குது.”

அக்குளைப் பார்த்தது எதற்கு? நம் நாட்டில் பிறந்த உடனே இடது புயத்தில் போடப்படும் காசநோய்த் தடுப்பூசி பி.சி.ஜி. சில குழந்தைகளிடம் அடுத்த சில மாதங்களில் அதே பக்க அக்குளில் நெறி கட்டும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. பெரும்பாலும் தானே வற்றிவிடும். இடது அக்குளின் பின்மடிப்பில் தட்டுப்படும் கட்டியைத் தோள்பட்டைக் கட்டி என்று தூக்கிக்கொண்டு ஓடும் முன் புயத்தில் இருக்கும் தழும்பைப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீரும். உண்மையான காசநோயும் முதுகில் கட்டியாக வரலாம். விலா அல்லது முதுகெலும்பில் பிடித்த கிருமியால் சீழ் தேங்கித் தோலுக்கடியில் வந்து நிற்கும். தொட்டால் சுடாது, சிவக்காது. அதனாலேயே குளிர்ந்த சீழ்க்கட்டி என்று பெயர். சுடாத கட்டி சாதுவானது என்பதும் நம்முடைய இன்னொரு தப்புக் கணக்கு. அக்குளிலும் வயிற்றிலும் பால் கலந்த காபி நிறத்தில் திட்டுகள் இருக்கின்றனவா என்பதும் கவனிக்க வேண்டியது. பருவமடையும் முன் 5 மி.மீ.க்கு மேற்பட்ட திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால், கட்டி நரம்புறையிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

இப்போது கட்டைவிரலுக்கு வருகிறேன்.

1736ல் லண்டன் செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் ஃப்ரீக், ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். பார்க்க நல்ல ஆரோக்கியமாக இருந்த, சுமார் 14 வயதுப் பையன் ஒருவன், முதுகில் எழுந்த பெரிய வீக்கங்களுக்கு மருந்து கேட்டு வந்திருந்தான். மூன்று வருடமாக அவை வளர்ந்துகொண்டிருந்தன. கழுத்திலிருந்து இடுப்புவரை பவளப்பாறை கிளைப்பதுபோலப் பின்னிப் பிணைந்து, எலும்பாலேயே நெய்த கச்சையை மாட்டியதுபோல அவன் முதுகு இறுகிப் போயிருந்தது. ஃப்ரீக்குக்கு அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இன்று அதன் பெயர் ஃபைப்ரோடிஸ்பிளாசியா ஆசிஃபிகன்ஸ் புரோகிரசிவா, சுருக்கமாக எஃப்.ஓ.பி. தசையும் தசைநாரும் படிப்படியாக எலும்பாகிவிடும் நோய்.

ஏறத்தாழ 10 லட்சம் முதல் 20 லட்சம் பேரில் ஒருவருக்கு வரும் அபூர்வம் இது. பெரும்பாலும் பத்து வயதுக்குள், கழுத்திலும் தோளிலும் முதுகிலும் வலியோடு வீக்கங்கள் கிளம்பும். சில வற்றும், சில எலும்பாகும். காரணம் ஏசிவிஆர்1 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்துப் பிழை; பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஐலீன் ஷோர், ஃபிரெடெரிக் கேப்லன் குழுவினர் 2006ல் கண்டுபிடித்தார்கள். எலும்பு கட்டு என்ற உத்தரவை வாங்கும் கதவு அது. பிழை இருந்தால் கதவு சரியாகச் சாத்தாது. அடிபட்ட தசையை ஆற்ற உடம்பு முயலும்போதெல்லாம் அங்கே எலும்பு எழும்பும்.

அந்த உத்தரவு பிறப்பதற்கு முன்பே கால்விரலிலும் தவறாகப் போயிருக்கும். அதனால் இந்தக் குழந்தைகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பிறக்கும்போதே இரண்டு கால் கட்டைவிரல்களும் குட்டையாக, மற்ற விரல்கள் பக்கம் சாய்ந்து இருக்கும். முதுகில் வீக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே விடை காலில் எழுதியிருக்கிறது. யாரும் செருப்பைக் கழற்றிப் பார்ப்பதில்லை.

பார்க்காமல் விட்டால் என்ன? வீக்கத்தைப் புற்று என்று எண்ணி, பயாப்ஸிக்கு ஒரு துண்டு வெட்டுவார்கள். வெட்டிய காயமே புதிய எலும்புக்கு விதை. தசையில் போடும் ஊசியும் அப்படித்தான், அழுத்தி வழித்துவிடுவதும் அப்படித்தான். 2005ல் வெளியான ஒரு ஆய்வில், இந்த நோயாளிகளில் 87 சதவீதம் பேருக்கு முதலில் தவறான நோயின் பெயரே சொல்லப்பட்டிருந்தது. ஏறக்குறைய பாதிப்பேர், தேவையில்லாத அறுவைகளால் அசைவை நிரந்தரமாக இழந்ததாகச் சொன்னார்கள். ஃபிலடெல்ஃபியாவின் ம்யூட்டர் அருங்காட்சியகத்தில் ஹாரி ஈஸ்ட்லாக் என்பவரின் எலும்புக்கூடு நிற்கிறது. 1973ல் 40 வயதாக ஆறு நாள் இருக்கும்போது இறந்தார்; கடைசியில் உதடுகள் மட்டும் அசைந்தன. மற்ற எலும்புக்கூடுகளைக் கம்பி வைத்துக் கட்டி நிறுத்த வேண்டும். அவருடையதை அவர் நோயே ஒட்டி வைத்திருக்கிறது. தன் உடலை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டுப் போனது அவருடைய விருப்பம்.

இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையின் கால்விரலைப் பார்த்து அலற வேண்டாம். கோணல் கட்டைவிரல்களில் மிகப் பெரும்பாலானவை வெறும் கோணல் விரல்கள். விரல் நேராக இருப்பதால் முதுகுக் கட்டி நல்லதென்றும் ஆகிவிடாது. கத்தியை எடுக்கும் முன் அரை நிமிடம் செலவழித்துப் பார்க்க வேண்டிய இடம் அது, அவ்வளவுதான்.

அத்தான் மாடியில் படித்த பெயருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். தோள்பட்டை எலும்பில் புற்று வருமா? வரும். யூயிங் சர்கோமா என்ற எலும்புப் புற்று இத்தகைய தட்டை எலும்புகளையும் நாடும். பத்திலிருந்து இருபது வயதுக்குள் அதிகம். நியூயார்க் நோயியலாளர் ஜேம்ஸ் யூயிங் 1921ல் தனி நோயாகப் பிரித்துக் காட்டியது. காய்ச்சலும் வீக்கமும் வலியுமாக வந்து கிருமித் தொற்றுபோல வேஷம் போடும். ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் காலம் கடத்துவதுதான் இதில் நடக்கும் வழக்கமான பிழை. பரவும் முன் பிடித்தால் நல்ல மையங்களில் பத்தில் ஏழு பிள்ளைகள் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். தசையில் வரும் சர்கோமாக்களும் உண்டு. ஆனால் கணக்கு எப்படி? அமெரிக்காவில் பிள்ளைகளிடமிருந்து அறுத்து எடுத்த மேலோட்டமான கட்டிகள் 775ஐ அலசி 1983ல் ஒரு ஆய்வு வந்தது. புற்றாக இருந்தவை 1.4 சதவீதம். எலும்புக் கட்டிகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும் அத்தானைத் தூங்க வைக்க அதுவே போதுமானதாக இருந்தது.

தூங்காமல் ஓட வேண்டிய நேரமும் உண்டு. பிறந்த சில நாட்களிலேயே இருக்கும் கட்டி, வாரத்துக்கு வாரம் பெருக்கும் கட்டி, ஆழத்தில் அசையாமல் கிடப்பது, கெட்டியாக 3 செ.மீ.க்கு மேல் இருப்பது, மேல்தோல் புண்ணாவது, ராத்திரியில் பிள்ளையை எழுப்பும் வலி, காரணமில்லாத காய்ச்சல், எடை இறக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் பத்துப் போட்டுப் பார்ப்போம் என்று ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது.

ஓட வேண்டிய இடமும் முக்கியம். பாஸ்டன் எலும்பு மருத்துவர் ஹென்றி மேன்கின் 1982ல், எலும்பு, தசைப் புற்றுக்காகப் பயாப்ஸி செய்துகொண்ட 329 நோயாளிகளின் கதையைத் தொகுத்தார். 4.5 சதவீதம் பேர், தவறான இடத்திலோ முறையிலோ செய்த பயாப்ஸியால் தேவையில்லாமல் கையையோ காலையோ இழந்திருந்தார்கள். ஊசி போன பாதையிலும் புற்று அணுக்கள் சிந்தும். பின்னர் அந்தப் பாதையையும் சேர்த்து அகற்ற வேண்டும். அதனால் சிகிச்சை தரப்போகும் மருத்துவர்தான் ஊசி எங்கே நுழைய வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். மேன்கின் 1996ல் மறுபடி 597 பேரைக் கணக்கெடுத்தார். நிலைமை பெரிதாக மாறவில்லை. நம் பக்கத்தில் அடையாறு புற்றுநோய் மையம், வேலூர் சி.எம்.சி. போல, பயாப்ஸியும் சிகிச்சையும் ஒரே கூரைக்கடியில் நடக்கும் இடங்கள் இருக்கின்றன. முதல் வெட்டு அங்கே விழட்டும். பக்கத்துத் தெரு கிளினிக்கில் ‘சின்னக் கட்டிதான், பத்து நிமிஷத்துல எடுத்துடலாம்’ என்று யாராவது சொன்னால், படம் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். தோலுக்கடியில் இருப்பதற்கு முதலில் அல்ட்ராசவுண்ட், கதிர்வீச்சு கிடையாது. எலும்பில் இருப்பதற்கு எக்ஸ்ரே. இரண்டும் புரியவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. இவ்வளவும் முடிந்த பிறகே ஊசியோ கத்தியோ.

எங்கள் பையனுக்கு இரண்டாவது எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிட்டது. ‘ஒய்’யின் முதுகில் சின்னக் காளான் மாதிரி ஒரு முளை, அடியில் தாய் எலும்போடு ஒட்டுப் போடாத தொடர்ச்சி. ஆஸ்டியோகாண்டிரோமா. வலி இல்லை, நரம்பை அழுத்தவில்லை, விலாப் பக்கம் வளரவில்லை, எடுக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும். அத்தான் மூன்று முறை, “நிச்சயமா சார்?” என்று கேட்டார். மருத்துவர் மூன்று முறையும் படத்தைக் காட்டினார்.

பையன் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டான்: “பௌலிங் போடலாமா அங்கிள்?”

“போடு. சட்டைக்குள்ள உறுத்தினா மட்டும் அம்மாகிட்ட சொல்லு.”